பரஸ்தானம் வைத்த வேட்டி

என் வீட்டுக்காரர் பேர் பூவராகன். நேரில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. எழுதும்போது சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. சிதம்பரம் கீழ வீதியை ஒட்டி மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் யார் வயலில் போர் மோட்டார் நின்றுபோனாலும் இவருக்குத்தான் போன் வரும். அந்த வேலைக்குக் கிளம்பும்போது நாள் பார்க்க மாட்டார், திசை பார்க்க மாட்டார். நட்ட நடு ராகு காலத்தில் பக்கத்து ஊரான கிள்ளைக்குப் போய் மோட்டாரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வருவார். விமானம் என்று பேச்செடுத்தால் மட்டும் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

விமானம் எதற்கு என்றால், எங்கள் ஒரே பெண் வெண்மதி கோலாலம்பூரில் இருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருடம். மாப்பிள்ளை அறிவழகனுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. இப்போது அவளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு இங்கேயே அழைத்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். டாக்டரம்மா, இந்த உடம்போடு விமானம் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். சரி, பெண் வர முடியாவிட்டால் வளையல் அங்கே போகட்டும் என்று நான் முடிவு செய்தேன். வளைகாப்பை அவள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. அம்மாவும் அப்பாவும் போய் நிற்பது. இதில் என்ன கஷ்டம்? கஷ்டத்தின் பேரைத்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேனே.

முதலில் மகளும் மாப்பிள்ளையும் ஒரு சனிக்கிழமைக்கு டிக்கெட் பார்த்தார்கள். வெண்மதி போனில் அப்பாவுக்கு ஆசை காட்டினாள்.

"ப்பா, சென்னையிலருந்து ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்தான். நாலே மணி நேரம். சாப்புட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டீங்கன்னா எறங்கிடலாம்."

"நாலு மணி நேரம்தானா? பரவால்லயே" என்றார். காலண்டரைப் பார்த்தார். "ஆனா சனிக்கிழம கெழக்கே சூலமாச்சேம்மா."

சூலம் என்றால், இந்தக் கிழமையில் இந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்று காலண்டரில் போட்டிருப்பார்கள். சரி, கிழக்கே சூலம் இல்லாத நாளாக ஒரு புதன்கிழமை பார்த்தார்கள். புதன்கிழமை வடக்கே சூலம் என்றார்.

"கோலாலம்பூரு கெழக்கதானேங்க இருக்குது?" என்றேன்.

"ஏர்போர்ட்டு வடக்க இருக்குதே. முதல்ல எரநூறு கிலோமீட்டர் வடக்க போயி, அப்பறம் வந்த பக்கமே திரும்பி கடல்மேல போவணும். பின்னால போயிட்டு முன்னால போறதுக்குப் பேரு பயணமா?"

வடக்கே சூலத்துக்குப் பரிகாரம் பால் என்று அதே காலண்டரில் பக்கத்திலேயே போட்டிருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். "ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டு கிளம்ப வேண்டியதுதானே?"

"பால் குடிச்சா எனக்கு வாயு. நாலு மணி நேரம் அந்தரத்துல உட்காந்துகினு வாயு புடிச்சா யாரு பாக்கறது?"

வடக்கு ஆகாதென்றால் திருச்சி இருக்கிறதே என்று திருச்சியிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பார்த்தோம். திருச்சி மேற்கே இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை மேற்கே சூலமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவர் அதையும் வாயைத் திறக்காமல் குடித்தார். மனசில் குற்றம் இருக்கிறவர் அப்படித்தான் குடிப்பார் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிறகு மாப்பிள்ளை பொறுப்பை எடுத்துக்கொண்டார். எந்தத் திசையிலும் சிக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணிக்குச் சென்னையிலிருந்து கிளம்பும் விமானம். மாமனாருக்கு ராகு காலம் முக்கியம் என்று தெரிந்து அதையும் பார்த்துத்தான் வைத்திருந்தார். பிள்ளைக்குக் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஆனால் எதிரே இருப்பவர் யார் என்பதை யோசிக்கவில்லை.

"மாப்ள, ஞாயித்துக்கெழம நாலரையிலருந்து ஆறு ராகு காலம். நம்ம ப்ளேனு அப்ப நடுக்கடல் மேல இருக்கும்."

"மாமா, அங்க உங்களுக்கு நாலரைன்னா இங்க மணி ஏழு. இங்க ராகு காலம் முடிஞ்சே போயிருக்கும். நீங்க இந்த ஊரு கணக்கையே வெச்சுக்குங்க."

"அந்த ஊரு கணக்கை வெச்சா, ப்ளேனு கிளம்பறப்ப அங்க மணி அஞ்சு. ராகு காலத்துலயே கிளம்பற மாதிரி ஆயிடுதே மாப்ள. ரெண்டு கணக்குலயும் மாட்டுதே. ஒரு மணி நேரப் பயணம்னா நல்ல நேரத்துக்குள்ளயே போயி எறங்கிடலாம். நாலு மணி நேரம்ன்றது ஜாஸ்தி. எப்படியும் ஏதாச்சும் ஒண்ணு குறுக்க வந்துடுது."

மாப்பிள்ளை "அத்தைகிட்ட குடுங்க மாமா" என்றார். "அத்தே, நீங்களாச்சு, அவராச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் மட்டும் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம்தான். எனக்கு விமானமும் பயமில்லை, கடலும் பயமில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பண்ருட்டியிலிருந்து ஜோடியாகப் போகிறார்கள். அங்கே பெண்ணைப் பெற்றவர் எங்கே என்று நாலு பேர் கேட்கும்போது, காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றா சொல்வது? அதைவிட, வெண்மதி தினமும் "அப்பா வருவாருல்ல?" என்று கேட்டாள். வருவார் என்று நானும் தினமும் சொல்லிவைத்துவிட்டேன். அந்தப் பெண்ணை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் அவர் ஆயுதத்தையே எடுத்து அவர்மேல் வீசினேன். பரஸ்தானம் என்று ஒன்று உண்டு. கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், போகிறவருடைய துணியை ஒரு பையில் போட்டு, போகிற திசையில் இருக்கும் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை போய்விட்டால் ஆளே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. அப்புறம் சூலமும் ராகுவும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் ஒரு தடவை பரஸ்தானம் வைத்துவிட்டுப் பயணத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வினை. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான். பக்கத்துக் கடை கண்ணாயிரம் திருப்பதிக்குப் பரஸ்தானம் வைத்துவிட்டுப் போகாமல் இருந்ததால்தான் அந்த வாரமே அவர் கடைக் கூரை சரிந்தது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கண்ணை உருட்டிச் சொல்வார். கூரை பத்து வருடமாகச் சரிந்துகொண்டுதான் இருந்தது. அது வேறு விஷயம்.

வெண்மதியிடம் ரகசியமாகப் பேசி ஒரு வியாழக்கிழமைக்கு டிக்கெட் போடச் சொன்னேன். அதற்கு முந்தின திங்கட்கிழமை, ராகு காலம் கழிந்ததும், அவருடைய பட்டுக்கரை வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்தேன். ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டு மஞ்சளும் முடிந்து உள்ளே போட்டேன். அண்ணியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். மஞ்சக்குப்பத்தில் என் அண்ணன் ராஜமாணிக்கத்தின் வீடு. கடலூர் எங்களுக்கு நேர் வடக்கு. அண்ணனிடம் விவரம் சொல்லி, பையைச் சாமி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் இவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னேன்.

"என்னாங்க, உங்களுக்குப் பரஸ்தானம் வெச்சாச்சு. அண்ணன் வூட்டுல இருக்குது. வியாழக்கெழம ப்ளேனு."

தோசை கையிலேயே நின்றுவிட்டது. "யாரைக் கேட்டு வெச்ச?"

"நல்ல நேரத்தைக் கேட்டு வெச்சேன். இப்ப நீங்க கிளம்பியாச்சு. வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திடலாம். கண்ணாயிரம் கடை கூரை இப்பதான் சரி பண்ணியிருக்காங்க."

கையிலிருந்ததை முடித்துவிட்டு இன்னொரு தோசை கேட்டார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த இரண்டு நாளும் கீழ வீதியில் அலைந்து கண்ணாடி வளையலாக வாங்கிக் குவித்தேன். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று டஜன் டஜனாக வாங்கி, ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினேன்.

வியாழக்கிழமை காலையில் காரில் கிளம்பினோம். வண்டி ஓட்டியவர் எங்கள் தெரு ராஜ்கமல். வளையல் பையை யாரையும் நம்பாமல் என் மடியில் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். கடலூர் வரைக்கும் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "நேர்கோட்டுல பாத்தா நம்ம இப்ப அவளை வுட்டு தள்ளித்தான் போயிக்கினு இருக்கறோம்" என்றார். அதற்கும் நான் சிரித்துவிட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் அண்ணி சந்திரலேகா காப்பி கொடுத்தார்கள். அண்ணன் உள்ளே போய் பையை எடுத்துக்கொண்டு வந்தார். வந்த நடையே சரியில்லை. என் அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தப்பு செய்திருந்தால் காதை மட்டும் சொறிந்துகொண்டிருப்பார். இப்போது சொறிந்துகொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் பையைத் திறந்தார். வேட்டியை எடுத்துப் பிரித்தார். நான் வைத்த மடிப்பு இல்லை. கரைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனக் கறை. மடிப்புக்குள்ளிருந்து நாலைந்து மஞ்சள் அரிசி தரையில் விழுந்தது. அது நான் முடிந்து வைத்த அரிசி இல்லை, அட்சதை.

"மச்சான், இதை யாரு கட்டுனது?"

"அது வந்து மாப்ள" என்றார் அண்ணன். "நேத்து திருவந்திபுரத்துல நம்ம தேவநாதன் பையனுக்குக் கல்யாணம். கிளம்பற நேரத்துல என் வேட்டியில காப்பியைக் கொட்டிக்கினேன். வேற பட்டுக்கரை எல்லாம் சலவைக்குப் போயிருந்துது. ஆணியில தொங்குனது மாப்ள வேட்டிதானே, யாரோ எவரோடதா... ஒரு மணி நேரம்தான் கட்டினேன். உடனே மடிச்சு வெச்சுட்டேன்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் அண்ணனை முறைத்தேன். என் வீட்டுக்காரர் முகத்தில் மட்டும் மூன்று நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

"அப்ப என் பயணம் திருவந்திபுரத்துக்குப் போயிடுச்சு."

"என்னாங்க சொல்றீங்க?"

"என் துணி கிளம்புனா நானே கிளம்புன மாதிரின்னு நீதானே சொன்ன? துணி இங்கருந்து கிளம்பி திருவந்திபுரம் போயி, கல்யாணம் பாத்து, சாப்புட்டு, திரும்பியும் வந்துடுச்சு. பயணம் முடிஞ்சுது. இனிமே நிறுத்தறதுக்கு ஒண்ணுமில்ல. வினையும் இல்ல."

"வேட்டியைக் கட்டுனது அண்ணன்ங்க!"

"அப்ப கோலாலம்பூருக்குக் கிளம்பினவரு அவருதான். மச்சான், உங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்குதா?"

அண்ணன் நிஜமாகவே யோசித்து, "இல்லீங்களே மாப்ள" என்றார். அதைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று என் மடியில் வளையல் இருந்தது. எழுந்து நின்றேன்.

"போதும். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க" என்றேன். என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். "கெழக்குன்னீங்க, பால்னீங்க, வடக்குன்னீங்க, மேற்குன்னீங்க. அந்தப் பொண்ணு அப்பா வருவாரு, அப்பா வருவாருன்னு வயித்துப் புள்ளைகிட்ட கூட சொல்லி வெச்சிருக்கா. உங்களுக்கு ப்ளேன்ல ஏற பயம்னா பயம்னு சொல்லிட்டுப் போங்களேன். எல்லா கெரகத்தையும் எதுக்குக் கூப்புடறீங்க? நான் தனியாவே போறேன். அவ கையில நானே வளையல் போடறேன். உங்க அப்பாவுக்கு மனசில்லன்னு நானே சொல்லிக்கறேன்."

சொல்லி முடித்ததும் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று தெரிந்தது. அண்ணனும் அண்ணியும் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் இரண்டு பேருமே உள்ளே போய்விட்டார்கள். அவர் வேட்டியைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்த்துப் பேசுவார் என்று பார்த்தேன். வேட்டியில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ப்ளேனுக்கு எனக்கு பயமில்ல திலகா" என்றார். "அம்பதடி கெணத்துல கயிறு புடிச்சு எறங்கறவன் நான்."

"பின்ன என்னா?"

"போறது நாலு மணி நேரம், சரி. திரும்பி வரணுமே."

எனக்குப் புரியவில்லை.

"இப்ப யாரு கேட்டாலும் பொண்ணு வெளியூரு போயிருக்குதுன்னு சொல்றேன். ரெண்டு வருஷமா அப்படித்தான் சொல்லிக்கினு இருக்கறேன். அங்க போயி அவ வூடு, அவ அடுப்பு, அவ துணி காயற கொடி எல்லாத்தையும் பாத்துட்டேன்னு வெய்யி, அப்பறம் எனக்கு அந்த வார்த்தை வராது. அது அவ வூடுன்னு ஆயிடும். அந்த வூட்டு வாசல்ல அவளை நிக்க வெச்சுட்டு, பையை எடுத்துக்கினு, வரேம்மான்னு சொல்லிட்டு வரணும். அதை என்னால செய்ய முடியாது திலகா. அதான் காலண்டரை எடுத்தேன்."

அவர் குரல் உடையவில்லை. மோட்டாரில் என்ன கோளாறு என்று ஆட்களுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் கண்ணை மட்டும் மேலே தூக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெண்மதி போனில் வீட்டைச் சுற்றிக் காட்டும்போதெல்லாம் சிக்னல் சரியில்லை என்று போனை என்னிடம் தள்ளிவிட்டு எழுந்து போவாரே, அது சிக்னல் இல்லை. நான்தான் அந்த வீட்டை மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். திரைச்சீலை நல்லாயிருக்குது, குக்கர் புதுசா என்றெல்லாம் கேட்டேன். கேட்டு முடித்து போனை வைத்துவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. அதை நானும் இவரிடம் சொன்னதில்லை. இந்த மனுஷனை இரண்டு மாதமாகப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. கூடவே கோபமும் முழுசாகப் போய்விடவில்லை.

"இதை முதல் நாளே சொல்றதுக்கென்னா? வாயில கொழுக்கட்டையா இருந்துது?"

"எப்படிச் சொல்றது இதையெல்லாம்?"

"இப்ப சொன்னீங்கல்ல, அப்படித்தான்."

வெளியே ராஜ்கமல் ஒரு தடவை ஹாரன் அடித்தார். நான் வளையல் பையைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றேன். நாங்கள் தோளில் கைபோட்டுப் பேசிக்கொள்கிற ஜோடி இல்லை. வேட்டியின் மறுமுனையைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தேன். அவரும் எழுந்து தன் பக்கத்து முனையைப் பிடித்தார்.

"திரும்பி வர்றப்ப நானும்தான் அழப்போறேன்" என்றேன். "டிக்கெட்டு பக்கத்துப் பக்கத்து சீட்டா போடச் சொல்லியிருக்கறேன். நாலு மணி நேரம் இருக்குது. நம்மள யாருக்கும் அங்க தெரியாது. ரெண்டு பேரும் தாராளமா அழுதுட்டு, சென்னை வந்ததும் மூஞ்சி கழுவிக்கலாம். வாங்க."

மடித்த வேட்டியைப் பைக்குள் வைத்தார். தோட்டத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்து, அண்ணியிடமும் அண்ணனிடமும் சொல்லிக்கொண்டார். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் எனக்கு முன்னால் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.